தொலைந்த ஊரை மேடையில் பாடுவது: எதை எடுப்பது, எப்படித் தொடுப்பது, எங்கே கெடும்

கேள்வி இது. சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்காக ஒரு சமூக மன்றத்தின் நற்பணிச் செயற்குழு, ‘தொலைந்த ஊர்’ என்ற தலைப்பில் 40 நிமிடப் பாட்டு நிகழ்ச்சி போடுகிறது. பாட நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். வயலின், தபலா, கீபோர்டு உண்டு. எட்டுப் பாட்டு தேர்ந்து ஒத்திகையும் பார்த்தாயிற்று. பாதி தாண்டும் முன்பே கேட்க வந்தவர்கள் கைபேசியை எடுத்துவிட்டார்கள். “எல்லாமே ஒப்பாரி மாதிரி ஆகிவிட்டது, எங்கே தவறு?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது. எட்டில் ஐந்து சிவரஞ்சனி, இரண்டு சுபபந்துவராளி. எல்லாமே சவுக்க காலம், அதாவது மெதுவான நடை. நடுநடுவே அறிவிப்பாளர் ‘கண்ணீர்க் கடல்’, ‘வேரறுந்த மரம்’ என்று ஆரம்பிக்கிறார். கேட்பவன் அழ வேண்டிய அழுகையை மேடையே அழுது தீர்த்துவிட்டால் அவனுக்கு என்ன வேலை? ஊரிழந்தவர்கள் பாடி நிலைத்த பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் அழுகை கொஞ்சம், ஊர் நிறைய. குன்று, சுவர், பல்லி, பனை, கூலிக் கணக்கு என்று பொருள் பொருளாக வரும். துக்கம் அந்தப் பொருள்களுக்கு நடுவில் தானாக வந்து உட்காரும். உங்கள் நிகழ்ச்சியையும் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.

அதற்கு முதலில் எந்த இழப்பைப் பாடுகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஊர் இருக்கிறது, போகலாம், ஆனால் காசும் விடுப்பும் இல்லை என்றால் அது பிழைக்கப் போனவன் பாட்டு. ஊர் இருக்கிறது, அதைப் பிறர் பிடித்துக்கொண்டார்கள் என்பது வேறு. பாரி மகளிர் பாடியது அது, 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே மூச்சில் கிளம்பியவர்களுக்கு நேர்ந்ததும் அது. ஊர் இருக்கிறது, போனால் நம்மை அடையாளம் தெரிந்தவர் யாருமில்லை என்பது இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு வந்து இரண்டு தலைமுறை கழிந்தவர்களின் நிலை. ஊரே இல்லை, அந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது என்பது சிங்கப்பூரின் பழைய கம்பங்களில், அதாவது கிராமக் குடியிருப்புகளில், வாழ்ந்த கம்பத்துக்காரர்களுடையது. பிழைக்கப் போனவனுக்கு ‘வருவேன்’ என்ற சொல் மிச்சம் இருக்கிறது, கம்பத்துக்காரருக்கு அது கிடையாது. எல்லாவற்றையும் ஒரே குரலில், ஒரே ராகத்தில் பாடினால் நான்கு விதமான மனிதர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

உங்கள் பட்டியலில் புறநானூறு 112 இருக்கிறது, நல்லது. அதைத்தான் அதிகம் கெடுத்திருக்கிறீர்கள், அதனால் அதைப் பற்றியே நிறையச் சொல்கிறேன்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டு, பாரி இறந்து, மலை கைமாறிய பிறகு அவன் மகள்கள் சொல்வது. துறை கையறுநிலை, இழந்தபின் செயலற்று நிற்கும் நிலை. ஐந்தடியில் அழுகை என்ற பேச்சே இல்லை. போன மாத நிலவு, இந்த மாத நிலவு. அன்று தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்று குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. இவ்வளவுதான் செய்தி. வேந்தரை வைவது கூடக் கிடையாது, ‘வென்றெறி முரசின்’ என்ற ஒரு அடைமொழியில் இருக்கிற கசப்போடு சரி.

யாப்பைக் கவனியுங்கள், மெட்டு அதற்குள்ளேயே கிடக்கிறது. இது நேரிசை ஆசிரியப்பா. மற்ற அடிகளில் நான்கு சீர், ஈற்றயலடியில், அதாவது கடைசிக்கு முந்தைய அடியில், மட்டும் மூன்று. ‘வென்றெறி, முரசின், வேந்தர்எம்’ என்று நின்றுவிடும். ஆதி தாளத்தில் ஒரு சீருக்கு இரண்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைத்தால் ஒரு அடி ஒரு ஆவர்த்தனத்தில், எட்டு அட்சரம் கொண்ட ஒரு தாளச் சுற்றில், கச்சிதமாக முடியும். நான்காவது அடியில் ஆறு அட்சரம் பாடியதும் இரண்டு அட்சரம் காலியாக நிற்கும். ‘வேந்தர் எம்...’ என்று சொல்லி, அடுத்த சொல் வருவதற்கு முன் ஒரு இடைவெளி. அதன் பிறகுதான் ‘குன்றும் கொண்டார்’. எழுதியவர்களே வைத்துக் கொடுத்த மௌனம் அது. உங்கள் ஒத்திகையில் அந்த இரண்டு அட்சரத்தைக் கீபோர்டு ஒரு ஓட்டம் விட்டு நிரப்பிவிட்டது. தபலாவும் அங்கே ஒரு சின்ன உருட்டல் போட்டது. இரண்டையும் நிறுத்துங்கள். விரல் மட்டும் தாளம் எண்ணட்டும்.

இன்னொரு கோளாறு: முதல் இரண்டடிக்கு மோகனம், ‘இற்றைத் திங்கள்’ வந்ததும் சிவரஞ்சனி. மகிழ்ச்சிக்கு ஒரு ராகம், சோகத்துக்கு ஒரு ராகம் என்ற கணக்கு சினிமாவில் செல்லும், இங்கே உதவாது. அதே நிலவு, அதே வெளிச்சம், மாறியது நாங்கள்தான் என்பதுதானே பாட்டு? ஆகவே முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் ஒரே மெட்டு, ஒரு கமகம் (சுர அசைவு) கூட மாறக் கூடாது. கேட்பவர் காதில் ‘அற்றை’ என்று பதிந்தது ‘இற்றை’ என்று திரும்ப வரும்போது மெட்டு மாறாததே அடி வயிற்றைப் பிசையும். மாற்றம் ‘யாம் எந்தையும் இலமே’ என்ற இடத்தில் மட்டும் போதும், அங்கே மந்தர ஸ்தாயிக்கு, கீழ்க் குரலுக்கு, இறங்குங்கள்.

ராகம் செஞ்சுருட்டி வையுங்கள். ஹரிகாம்போதியின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), காவடிச்சிந்தில் துள்ளும், அதே ராகம் காலத்தைக் குறைத்தால் கலங்கவும் வைக்கும். அது இயல்பாகவே மந்தர பஞ்சமம் வரை இறங்கி, மேலே நிஷாதத்தோடு நிற்பது. சுருதியில், அதாவது குரலின் ஆதார உயரத்தில் (கட்டை என்பது அதன் அளவு), கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பெண்கள் மட்டும் பாடினால் 5 கட்டையில் மத்தியம சுருதியாக, அதாவது 1 கட்டையை ஆதார சட்ஜமாக வைத்துப் பாடலாம். ஆண்களும் சேர்ந்தால் அந்தச் சுருதியில் மந்தர பஞ்சமம் அவர்களுக்குக் கிணற்றுக்குள் போய்விடும், ‘இலமே’ காற்றாகத்தான் வரும். ஆறு பேரும் சேர்ந்து பாட 2 கட்டை பொருந்தும். பெண்களுக்கு மேல் நிஷாதம் எட்டும், ஆண்களுக்குக் கீழ்ப் பஞ்சமம் எட்டும்.

முதலில் ஒரு பெண் குரல் தாளமில்லாமல் விருத்தமாக ஒரு தடவை, ஒன்றரை நிமிடம். பிறகு நிமிடத்துக்கு 60 அட்சர வேகத்தில் எல்லோரும். ஒரு ஆவர்த்தனம் எட்டு வினாடி, ஐந்தடிக்கு 40 வினாடி. இரண்டு தடவை பாடினால் 80 வினாடி. மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் ஒன்பது நிமிடம் இழுத்திருக்கிறீர்கள். ஐந்தடிப் பாட்டுக்கு ஒரே அடியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடும் நிரவல் எல்லாம் வேண்டாம்.

இதற்கு முன்னால் அறிவிப்பாளர் பேச்சை எடுத்துவிட்டு, புறநானூறு 114ஐ ஒருவர் பேசும் குரலில் சொல்லட்டும். பாரி மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டுப் போகிற கபிலர் திரும்பிப் பார்த்துச் சொல்வது: “ஈண்டு நின்றோர்க்கும் தோன்றும், சிறுவரை சென்று நின்றோர்க்கும் தோன்றும்”. இங்கே நின்றாலும் தெரிகிறது, கொஞ்ச தூரம் போய் நின்றாலும் தெரிகிறது. இன்னும் தூரம் போனால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. யானை மென்று துப்பிய கவளம் மாதிரி, கள் பிழிந்த கோது சிதறிக் கிடக்கும் முற்றம் என்று வீட்டு வாசலையே காட்டிவிடுகிறார். ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். ‘தேர் வீசு இருக்கை’ போன்ற இடங்களுக்கு விளக்கம் பேசாதீர்கள், திரையில் எளிய தமிழில் போட்டால் போதும்.

பிழைக்கப் போனவன் பாட்டுக்கு நீங்கள் எடுத்த திரைப்பாட்டை விட்டுவிட்டு, சத்திமுற்றப் புலவரின் ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’ எடுங்கள். பரிசில் தேடி மதுரைக்குப் போன ஏழைப் புலவர், போர்த்தத் துணி இல்லாமல் வாடையில் நடுங்கிக்கொண்டு, குமரியில் நீராடிவிட்டு வடக்கே பறக்கும் நாரையிடம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். வீட்டுக்கு அவர் கொடுக்கும் அடையாளம், நனைந்த சுவர், கூரையில் கனைக்கும் பல்லி, அந்தப் பல்லி சொல்லும் சகுனத்தைப் பார்த்துக் காத்திருக்கும் மனைவி. ஊர் என்று அவருக்கு இருப்பது அந்த ஈரச் சுவர்தான்! துவாஸ் பக்கத்து வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே ஒரு வித்தியாசம். புலவர் தன் நிலையை ஒளிக்காமல் ‘ஏழையாளனைக் கண்டனம்’ என்று சொல்லச் சொல்கிறார். இன்று காணொளி அழைப்பில் கட்டிலும் சிரிப்பும் மட்டும் தெரியும்படி கைபேசியைப் பிடிக்கிறார்கள். பாட்டுக்கு முன்னுரை தேவை என்றால் இந்த ஒரு வரி போதும்.

ராகம் புன்னாகவராளி. தோடியின் ஜன்யம், நிஷாதத்திலிருந்து நிஷாதம் வரைதான் சஞ்சாரம், பழகாத குரலுக்கும் எட்டும். ‘பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும்’ என்ற அடி வரும்போது அந்த ராகம் தானாகவே ஒரு வேலை செய்யும். வயலின்காரர் அங்கே மகுடி வாசித்துக் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டம் சிரித்துவிடும். ‘கையது கொண்டு மெய்யது பொத்தி, காலது கொண்டு மேலது தழீஇ’ என்ற இரண்டு அடிக்கும் கைகால் அபிநயம் வேண்டாம்.

அர்மீனியர்களிடமும் இப்படிப் பறவையை நிறுத்திப் பேசும் பழைய பாட்டு ஒன்று உண்டு, பெயர் ‘க்ரூங்க்’. கொக்கே, எங்கள் நாட்டிலிருந்து சேதி இல்லையா என்று கேட்கும். அவர்கள் ஊர்ச் சேதி கேட்கிறார்கள், நம் புலவர் ஊருக்குச் சேதி அனுப்புகிறார். ஊர் இன்னும் அங்கேயே இருக்கிறது என்ற தைரியம் இருப்பவன்தான் அனுப்புவான்.

தோட்டப் பாட்டுக்கு வருவோம். இலங்கை மலையகத்தில் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் பாடியது:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்

அடுத்த அடிகள் பேரான கண்டியையும் பெற்ற தாயையும் சொல்லும். இடத்துக்கு இடம் பாடபேதம் உண்டு, நீங்கள் எந்தத் தொகுப்பிலிருந்து எடுக்கிறீர்களோ அதன்படி பாடுங்கள், இரண்டைக் கலக்காதீர்கள். பாட்டில் முதலில் பனை வருவதற்குக் காரணம் இருக்கிறது. காய்ந்த சீமையிலிருந்து ஈரக் குளிர் மலைக்கு ஏறியவர்களுக்கு, எங்கு திரும்பினாலும் இல்லாத மரம் அதுதான். இதற்குத் தாளம், சுருதிப்பெட்டி, கீபோர்டு எதுவுமே கூடாது. ஒற்றைக் குரல், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி. தபலா சேர்ந்த நிமிடமே இது சினிமா சோகப் பாட்டாகிவிடும். மூச்சு முடியும் இடத்தில் அடி முடியட்டும். பாடுபவர் சங்கீதம் கற்றவராக இருந்தால் பிருகாக்களை (வேகச் சுர உருட்டல்களை) கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். குழுவில் வயதில் மூத்த அம்மா யாராவது இருந்தால் அவரிடமே கொடுத்துவிடுவது உத்தமம்.

மலாயாப் பாட்டுகள் வேறு ஜாதி. ‘பாலு மரம் வெட்டலாமுன்னு பழைய கப்பல் ஏறி வந்தேன்’ என்று தொடங்கும் பாட்டில் ஏக்கத்தைவிட ஏமாந்த கோபம்தான் அதிகம், கூலிக் கணக்கு வருகிறது, முதுகெலும்பு முறிவது வருகிறது. இதை நிமிர்ந்து, வேகமாக, மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடையில், தபலாவுக்குப் பதில் தப்பு என்ற பறையை வைத்துப் பாடுங்கள். நிகழ்ச்சியின் நடுவில் கூட்டத்தைத் தூக்கி நிறுத்துவது இதுதான். இதையும் சிவரஞ்சனியில் போட்டு அழவைத்தது பெரிய பாவம்.

உங்கள் தொகுப்புரையில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது: ‘ஒப்பந்தக் கூலிகளாக ராஜூலா கப்பலில் வந்தவர்கள்’. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. ராஜூலா கப்பல் ஓட ஆரம்பித்ததோ 1926இல். ஒப்பந்த முறை நின்ற பிறகு ஓங்கியது, தோட்டத்துக் கங்காணியே ஊருக்குப் போய் ஆள் சேர்க்கும் கங்காணி முறை, அதுவும் 1938இல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. ராஜூலா 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம், 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்தது. உங்கள் அவையில் முன்வரிசையில் உட்காரும் பெரியவர்களில் இந்தக் கப்பல்களில் வந்தவர்கள் இருக்கக்கூடும். தேதியில் பிசகினால் அவர்கள் அதற்கு மேல் பாட்டைக் கேட்கமாட்டார்கள்.

பாரதியின் பிஜித் தீவுப் பாட்டு, ‘கரும்புத் தோட்டத்திலே’, இருக்கட்டும். பிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள், தென்னிந்தியர் போகத் தொடங்கியது 1903இல். மற்ற பாட்டுகளில் இருந்து இது எதில் வேறுபடுகிறது என்றால், பாடுபவர் ஊரை இழந்தவர் அல்லர். கரையில் நின்று, காற்றைக் கூப்பிட்டு, அங்கே அவர்கள் அழுவதை நீ கேட்டிருப்பாயே என்கிறார். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தவர் பாரதி என்பதையும் சேர்த்து நினைத்தால், ‘நாட்டை நினைப்பாரோ’ என்ற கேள்வியின் கனம் இன்னும் கூடும். ‘விம்மி விம்மி விம்மி விம்மி’ என்று நான்கு தடவை வருகிற இடம்தான் சிக்கவைக்கும் பொறி. பாடுபவர்கள் அங்கே நிஜமாகவே விம்மிக் காட்டுகிறார்கள். நான்கு ‘விம்மி’யையும் ஒரே அளவில், உணர்ச்சி கூட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் குறைத்துக்கொண்டே போனால், அந்த அழுகை தூரத்திலிருந்து வருகிறது என்பது புரியும். தூரம்தானே இந்தப் பாட்டின் விஷயம்.

நமக்கு வெளியேயிருந்து ஒன்றிரண்டு பாடம் எடுத்துக்கொள்ளலாம். விவிலியப் பாட்டான 137ஆம் சங்கீதம், தமிழ் வேதாகமத்தில்: “பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்.” யூதர்களைச் சிறைப்பிடித்தவர்கள் அவர்களைப் பாடச் சொல்கிறார்கள். இவர்கள் யாழ் போன்ற கின்னரங்களை அலரிச் செடிகளில் தூக்கி மாட்டிவிட்டு, அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்று கேட்கிறார்கள். பாட மறுப்பதே ஒரு பாட்டானது. இந்தச் சங்கீதத்திலிருந்து பிறந்ததுதான் இத்தாலியர் வெர்டியின் ‘நபுக்கோ’ இசைநாடகத்தில் வரும் அடிமைகளின் சேர்ந்திசை. 1842இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் முதலில் பாடப்பட்டது. அது மேஜர் ஸ்கேலில் இருக்கிறது, நம் கணக்குக்குச் சங்கராபரணத்தின் சுரவரிசை! சோகச் சுரம் என்று நாம் தேடிப் போகிற எதுவும் அதில் முன்னே நிற்கவில்லை. எல்லோரும் தணிந்த குரலில், ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுகிறார்கள். ஏன் ஊமையாகத் தொங்குகிறாய் என்று மாட்டிவைத்த யாழைக் கேட்கும் இடத்தில்தான் குரல்கள் பிரிந்து, சத்தம் வெடிக்கிறது. அடக்கி வைத்தால் ஒரு தடவை வெடிப்பதற்கு மதிப்பு வரும். உங்கள் குழுவில் எல்லாப் பாட்டின் கடைசிச் சரணத்திலும் எல்லோரும் உச்சத்துக்குப் போகிறீர்கள், அதனால் எந்த உச்சமும் உச்சமாகத் தெரியவில்லை. 40 நிமிடத்தில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்து அங்கே மட்டும் முழுக்குரல் கொடுங்கள்.

அந்த 137ஆம் சங்கீதத்தை நீங்கள் பாட வேண்டாம். ஒருவர் வாசிக்கட்டும், ‘கின்னரங்களைத் தூக்கிவைத்தோம்’ என்ற இடத்தில் வயலின்காரர் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடட்டும். அடுத்த பாட்டு முழுக்க வயலின் வரக் கூடாது. பத்து வினாடியில் திரும்ப எடுத்துவிட்டால் அது வெறும் நாடகம்.

உங்கள் நிகழ்ச்சியில் அடியோடு இல்லாதது சிங்கப்பூர். 40 நிமிடமும் கடல் கடந்த ஊர்களுக்கே போய்விட்டது. இங்கேயே இடிந்துபோன ஊர்கள் எத்தனை? பிரிட்டிஷ் படைகள் 1971இல் விலகியதோடு செம்பவாங் கடற்படைத் தளத்துத் தமிழ், மலையாளக் குடும்பங்களின் உலகம் கலைந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகார் ரயில் நிலையம் மூடியது. கம்பத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு மாறின. இதற்கு ஒரு புதுப் பாட்டு நீங்களே எழுதுங்கள், தேவையானது பன்னிரண்டு அடி.

எழுதும் முறை: முதலில் வாய்மொழியைச் சேகரியுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் பதிவு செய்துவருகிறது, தமிழ் நேர்காணல்களும் அதில் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கப் பக்கத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. வட்டாரத்துப் பெரியவர்களிடம் நேரிலும் கேளுங்கள். ‘அந்த ஊரை நினைத்தால் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லா இருந்துச்சு’ என்றுதான் வரும், அதை வைத்து அரை அடி கூட எழுத முடியாது. தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், வரிசையில் உங்களுக்கு முன்னால் யார் வீடு, ராத்திரி எந்தச் சத்தம் கேட்கும், மழை பெய்தால் எந்தப் பக்கம் ஒழுகும், காலி செய்த அன்று எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் பெரும்பாலும் பல்லவி இருக்கும்.

ஏக்கம், நினைவு, கண்ணீர், வேர், தொப்புள்கொடி ஆகிய ஐந்து சொல்லையும் முதல் வரைவில் தடை செய்துவிடுங்கள். பன்னிரண்டு அடியில் நான்கு பொருள் போதும். அதில் ஒன்றாவது ஊர் பெயராகவோ தெருப் பெயராகவோ இருக்க வேண்டும். அன்று, இன்று என்று மாறி மாறிப் போகாமல், பத்தடி அன்று, இரண்டடி இன்று என்று வையுங்கள். யார் வாயில் பாட்டு வருகிறதோ அவர் மொழியில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர் ஒழுங்கை, கிணத்தடி என்பார், தஞ்சாவூர்க்காரர் கொல்லை, வாய்க்கால் என்பார், தோட்டத்தில் வளர்ந்தவர் லயம், பெரட்டு என்பார். எல்லாவற்றையும் ‘எங்கள் கிராமம்’ என்று தட்டையாக்கினால் எவர் ஊரும் வராது.

இளையவர்கள் பாடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த இருபது வயதுப் பெண் ‘நான் இழந்த கிணறு’ என்று பாடினால் ஒட்டாது. ‘அப்பாயி சொன்ன கிணறு’ என்று பாடட்டும். அவள் இழக்கவில்லை, கேட்டிருக்கிறாள், அதுவும் ஒரு நிலைதான். உச்சரிப்பையும் ஊர்ப்புறமாக மாற்றி நடிக்கச் சொல்லாதீர்கள்.

வரிசை இப்படி வைக்கலாம். அறிவிப்பே இல்லாமல், விளக்கு அணைந்ததும் மலையகப் பாட்டு, இரண்டு நிமிடம். உடனே புறம் 114 பேச்சாக ஒரு நிமிடம், 112 மூன்று நிமிடம். பிறகுதான் முதல் வணக்கமும் முன்னுரையும், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சத்திமுற்றப் புலவர் ஐந்து நிமிடம். கப்பல், கங்காணி பற்றிய தொகுப்புரை இரண்டு நிமிடம், தப்போடு மலாயாத் தோட்டப் பாட்டுகள் ஏழு நிமிடம். பாரதி ஆறு நிமிடம். 137ஆம் சங்கீத வாசிப்பு இரண்டு நிமிடம். சிங்கப்பூர்ப் புதுப் பாட்டு வயலின் இல்லாமல் ஐந்து நிமிடம், உங்கள் ஒரே முழுக்குரல் அதன் கடைசி இரண்டடியில். இது 35 நிமிடம். மிச்சம் ஐந்து நிமிடம் இடைவெளிக்கும் கைத்தட்டலுக்கும் மேடையில் ஆள் மாறுவதற்கும் கரைந்துவிடும், அதில் எதையும் திணிக்காதீர்கள்.

‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று முடிக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். புலம்பெயர்வு நிகழ்ச்சி என்றாலே அதைத்தான் கடைசியில் வைக்கிறார்கள், இழப்பின் மேல் பூசுகிற சாந்து மாதிரி ஆகிவிட்டது. கணியன் பூங்குன்றனார் பாடியது ஊர் போனதற்கு ஆறுதல் சொல்லவும் இல்லை. நீர்வழிப் படும் புணை போல உயிர் முறைவழிப் படும் என்று போய், பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்று முடிகிற பாட்டு. பாரி மகளிரின் ‘இலமே’வைக் கேட்ட காதுக்கு அரை மணி நேரத்தில் இந்த ‘இலமே’வையும் ஊட்டினால் முதலாவது கரைந்துபோகும்.

ஒலியமைப்பு: சோகம் வேண்டும் என்று எக்கோவைக் கூட்டிவிடுவது வழக்கம். இந்த நிகழ்ச்சி சொல்லை நம்பி நிற்கிறது, மெய்யெழுத்துகள் மங்கினால் ‘உடையேம்’ எது ‘இலமே’ எது என்று தெரியாது. குளிரூட்டியின் இரைச்சல் உள்ள பல்நோக்கு மண்டபம் என்றால் எக்கோவை அநேகமாக அணைத்தே வையுங்கள். புளோக் கீழ்த்தளத்தில் நடந்தால் கூரையே எதிரொலிக்கும், ஸ்பீக்கர்களைத் தாழ்த்தி, கூட்டத்துக்கு அருகில் வைத்து ஒலியைக் குறையுங்கள். திரையில் வரிகளைப் போடும்போது ஐந்தடியையும் ஒன்றாகக் காட்டாதீர்கள். கண் முன்னால் ஓடிவிடும், அந்த இரண்டு அட்சர மௌனத்தில் கேட்பவர் ஏற்கெனவே ‘குன்றும் கொண்டார்’ என்று படித்து முடித்திருப்பார். அடி அடியாக, பாடத் தொடங்கும்போது மட்டும் வரட்டும்.

அனுமதி: கலை நிகழ்ச்சிக்கான உரிமம் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பு. உங்கள் இடத்துக்கு அது தேவையா என்று மன்ற அலுவலகத்திடம் முதல் வேலையாகக் கேளுங்கள், பாடல் வரிகளையும் ஆங்கிலப் பொழிப்பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து இழப்பைப் பாட ஒரு பாட்டு சேர்ப்பதாக இருந்தால் வீட்டையும் வேலியையும் பாடுவதாகத் தேருங்கள். ஆயுத இயக்கங்களைப் போற்றும் பாட்டுகள் இங்கே மேடைக்கு ஆகாது, வெளிநாட்டு அரசியலைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவருவதை அரசு விரும்புவதில்லை. பதிப்புரிமை இங்கே ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை. பாரதி 1921இல் மறைந்தவர், வரிகளுக்குத் தடை இல்லை. ஆனால் அந்த வரிகளுக்கு அண்மையில் யாரோ போட்ட மெட்டைப் பாடினால் மெட்டுக்கு உரிமை உண்டு, அப்போது இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமையைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டியிருக்கும். புறநானூற்றுக்கும் நாரைப் பாட்டுக்கும் உங்கள் குழுவே மெட்டுப் போட்டால் அந்தச் செலவு மிச்சம். நிகழ்ச்சித் தாளில் மெட்டமைத்தவர் பெயரையும் பாட்டின் எண்ணையும் சேர்த்து அச்சடியுங்கள், நாட்டார் பாடலுக்கு எந்தத் தொகுப்பு என்பதையும்.